படலையில் நின்ற வாகனம்: வன்னிக் கிராமமொன்றில் பிள்ளையொருத்தி சுமந்த பழி குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் சிறுமி தனியொரு பிள்ளை அல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் உளவளத்துணைப் பணியில் இருந்த காலத்தில் என் கைக்கு வந்த சில கோவைகளை, எந்தக் குடும்பமும் இன்னாரென்று பிறரால் கண்டுகொள்ளப்படாதவாறு ஒன்றாகச் சேர்த்தும் மாற்றியும் எழுதியிருக்கிறேன். ஊரின் பெயர், பாடசாலையின் பெயர், சரியான உறவுமுறை ஆகியவை வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. அவளைப் "பிள்ளை" என்றே குறிப்பிடுகிறேன். எங்கள் ஊர்களில் பத்து வயதுக்காரியையும் இருபது வயதுக்காரியையும் அப்படித்தான் அழைப்போம் என்பதால் அந்தச் சொல் எவரையும் காட்டிக்கொடுக்காது.

பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதையும் எழுதப்போவதில்லை. பாலியல் துன்புறுத்தல் என்ற அளவில் அறிந்துகொண்டால் இந்த ஆய்வுக்குப் போதும். இப்படியான கோவைகளைத் திறப்பவர்கள், அதிகாரிகள் உட்பட, முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்; அந்த ஆவலுக்கும் ஊர்வாய்க்கும் அதிக தூரம் இல்லை. எனக்கு இங்கே வேண்டியது வேறு கேள்வி: முறைப்பாடு செய்யப்பட்ட நாள் முதல், ஒவ்வொரு கட்டத்திலும் தன் இடத்தை விட்டு எழும்பிப் போனவர் யார்?

பின்னணி

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து கிரவல் பாதையில் உள்ளே இறங்கினால் வரும், எண்பதுக்கும் குறைவான குடும்பங்களைக் கொண்ட மீள்குடியேற்ற ஊர் அது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது பிள்ளை கைக்குழந்தை. தகப்பன் அதற்கு முந்திய கிழமைகளில் எறிகணை விழுந்து இறந்துவிட்டார். தாய், அம்மம்மா, பிள்ளை என மூவரும் மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி, தறப்பாள் கொட்டிலில் தொடங்கி, பின்னர் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குள் போனார்கள். தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். விடியமுன்னர் சந்தியில் வந்து நிற்கும் பஸ்ஸில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவார்.

பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்க ஆள் வேண்டியிருந்தது. அடுத்த வளவில் இருந்த உறவினர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்த உதவியைச் செய்தார். பிள்ளை அவரை மாமா என்று அழைத்தாள். செத்த வீடென்றால் பந்தல் போட முதலில் வந்து நிற்பவர். கோயில் பரிபாலன சபையிலும் இருந்தவர். ஆண் துணையற்ற ஒரு வீடு இப்படிப்பட்ட ஒருவருக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கும் என்பதை வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கூரைக்கு ஓடு மாற்றியவரும் அவர்தான், மருந்தெடுக்க அம்மம்மாவை ஆசுபத்திரிக்கு ஏற்றிப்போனவரும் அவர்தான். பின்னாளில் ஊர் நம்ப மறுத்தது பிள்ளையின் வார்த்தையை என்று சொல்வதைவிட, இந்த உதவிக் கணக்குகள் அத்தனையையும் திருப்பி எழுத மறுத்தது என்பதே பொருந்தும்.

முறைப்பாடு வரை

தரம் ஆறில் வகுப்பாசிரியையாக இருந்தவர்தான் முதலில் கவனித்தார். மோட்டார் சைக்கிளில் வந்துபோன பிள்ளை இரண்டு கட்டைத் தூரத்தை நடந்து வரத் தொடங்கினாள். முதற்பாடம் முடிந்த பிறகே வகுப்புக்குள் வந்தாள். வந்ததும் மேசையில் தலைவைத்துத் தூங்கினாள். ஆசிரியை எதையும் கேட்கவில்லை. இடைவேளைகளில் நூலகப் புத்தகங்களுக்கு உறை போட அவளைத் துணைக்கு அழைத்தார். மூன்றாவது கிழமை, உறையை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே பிள்ளை சொன்னாள். என் அனுபவத்தில் பிள்ளைகள் வாய் திறப்பது பெரும்பாலும் இப்படித்தான். கண்ணுக்குக் கண் பார்த்துக் கேட்கப்படும் கேள்விக்கு அல்ல.

பாடசாலை நிருவாகத்தின் முதல் பதில், "தாயைக் கூப்பிட்டுக் கதைப்பம், வெளியில போகாமப் பார்ப்பம்" என்பதாக இருந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் தரமிறங்கக்கூடிய சிறிய பாடசாலை. கதை வெளியே போனால் மற்றப் பெற்றோர் தங்கள் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் பொய்யானதல்ல. ஆனால் அந்தப் பயத்தில் ஒன்பது நாட்கள் கழிந்தன. ஒன்பது நாளும் பிள்ளை அதே வேலிக்குப் பக்கத்தில்தான் படுத்தெழும்பினாள். பத்தாம் நாள் ஆசிரியை பஸ் தரிப்பிடத்தில் நின்று தன் தொலைபேசியிலிருந்து 1929 இலக்கத்துக்கு அழைத்தார். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் அது.

அதன் பின்னர் எல்லாம் வேகமாக நடந்தது. ஆசிரியை, பிரதி அதிபர், தாய், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பணியகத்தில் வாக்குமூலம் எழுதியவர், சட்ட வைத்திய அதிகாரி, நன்னடத்தை உத்தியோகத்தர் ஆகியோருக்குச் சொல்லி முடித்த பிறகு பிள்ளை என் முன்னால் வந்து அமர்ந்தாள். நான் ஏழாவது ஆள் என்பதை அவள்தான் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். சிறுவர் சாட்சியின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சாட்சியமாக முன்வைப்பதற்கு 1999ஆம் ஆண்டிலேயே, 32ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் வழி திறந்துவிடப்பட்டது. அந்த வழி இவளுடைய ஊர்வரை வரவில்லை.

வாகனம்

சந்தேகநபரின் வளவுக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பனையோலை வேலி. பாதுகாப்புக் கருதிப் பிள்ளையைத் தற்காலிகமாகச் சிறுவர் இல்லமொன்றில் வைக்கும்படி நீதவான் கட்டளையிட்டார். காலை ஒன்பது மணியளவில், கதவில் மூன்று மொழியிலும் திணைக்களத்தின் பெயர் எழுதப்பட்ட வாகனம் படலையடியில் வந்து நின்றது. பிள்ளை பாடசாலைப் பையைத் தோளிலும் ஒரு சொப்பிங் பையைக் கையிலும் வைத்துக்கொண்டு ஏறினாள். பொதுக்கிணற்றடியில் நின்றவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அம்மம்மா படலையைச் சாத்தவில்லை. வாகனம் திரும்பி வரும் என்று நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

ஒரு மாதத்துக்குச் சற்றுப் பிந்திச் சந்தேகநபர் பிணையில் வந்தார். சந்தியில் பஸ்ஸால் இறங்கி, கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு நடந்துபோனார். வெள்ளிக்கிழமை கோயிலில் அவரைக் காணக்கூடியதாக இருந்தது. பிள்ளை இல்லத்தில் இருந்தாள்.

ஊரின் தீர்ப்பு எழுதப்பட்டது இந்த இரண்டு காட்சிகளால்தான் என்பது என் முடிவு. கடைக்கார அம்மா எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் என்னைக் கேட்டார்: "பிழை இல்லாட்டி ஏன் மிஸ் பிள்ளையைக் கொண்டுபோகினம்? பிழை செய்தவனைத்தானே கொண்டுபோறது." முப்பது வருடங்களாக, வீட்டுப் படலைக்கு வாகனம் வந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு போவதற்கு இந்த மண்ணில் ஒரு பொருள்தான் இருந்தது. அந்தப் பொருளிலேயே ஊர் இதையும் வாசித்தது. பிணை என்பது சட்டம் சந்தேகநபருக்கு அளித்த உரிமை; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் வழக்கு முடியும்வரை அவர் வேறு முகவரியில் தங்க வேண்டும் என்ற நிபந்தனையை நீதிமன்றத்திடம் எவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்ற எண்ணம் எனக்கும் அப்போது வரவில்லை. பாதுகாப்பு என்றதும் பிள்ளையை அப்புறப்படுத்துவதுதான் எங்கள் எல்லோருடைய கைக்கும் பழகிய வேலையாக இருந்தது.

என்னுடைய பிழை இன்னொன்றும் உண்டு. தாயையும் அம்மம்மாவையும் பார்க்க மூன்று தடவை அலுவலக வாகனத்திலேயே போனேன். வெயிலில் நிறுத்த வேண்டாமென்று சாரதி அதைப் படலையடி வேம்பின் கீழ் நிறுத்துவார். மூன்றாம் தடவை வெளிக்கிடும்போது தாய் மெல்லச் சொன்னார்: "மிஸ், குறை நினைக்காதேங்கோ, இனி அந்த வாகனத்தில வராதேங்கோ. நீங்கள் வந்துபோனால் நாலு நாளைக்கு எங்கட கதைதான்." அதற்குப் பிறகு கிராமத்துக் கிளினிக் நாளில், குடும்பநல உத்தியோகத்தரிடம் வரும் தாய்மாரோடு தாயாக அவரும் வந்திருக்க, நிறைகருவிக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் சந்தித்தோம்.

சொற்கள்

ஊரில் பயன்பட்ட சொற்களை ஒரு கொப்பியில் தனியே குறித்துவந்தேன். அதிகம் கேட்டது "கெட்டுப்போனாள்" என்பது. தமிழில் பால் கெட்டுப்போகும், சோறு கெட்டுப்போகும். செய்தவன் என்று ஒருவன் அந்த வினைக்குத் தேவையில்லை. துன்புறுத்தியவன் எழுவாயாக வரவேண்டிய இடத்தில் பிள்ளை எழுவாயாக நிற்கிறாள், அவன் வாக்கியத்துக்குள்ளேயே இல்லை. சந்தேகநபர் மீது கோபம் கொண்டவர்கள்கூட "அவளைக் கெடுத்துப்போட்டான்" என்றுதான் சொன்னார்கள். அவனைக் குற்றவாளியாக்கும் அந்த வாக்கியமும் பிள்ளையைக் கெட்ட பண்டமாகவே விட்டுவைக்கிறது.

இந்தச் சொல்லுக்கு உடலில் ஆதாரம் தேடுபவர்களும் இருந்தார்கள், "டொக்டர் என்ன எழுதினவர்?" என்று உறவினர் ஒருவர் என்னையே கேட்டார். பாலியல் துன்புறுத்தலுக்குள்ளான பிள்ளைகளில் பெரும்பாலானோரின் உடலில் மருத்துவப் பரிசோதனையின்போது எந்த அடையாளமும் தென்படுவதில்லை. அடையாளம் இல்லையென்பதால் நடக்கவில்லை என்றாகாது. இருந்தாலும் அது காயமே தவிரக் கறை அல்ல. கன்னித்தன்மையைச் சோதித்துச் சொல்ல மருத்துவத்தில் வழியே இல்லை என்றும் அப்படியான சோதனையை நிறுத்த வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018 ஒக்ரோபரில் அறிவித்தன. எங்கள் பேச்சில் அந்தச் சோதனை இன்னமும் ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

அடுத்தது "விருப்பத்தோடதானாம்" என்ற கதை. பதினொரு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லப்பட்டது இது. தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995ஆம் ஆண்டில் வந்த 22ஆம் இலக்கத் திருத்தம் சம்மத வயதை 12இலிருந்து 16 ஆக உயர்த்தியது. அதற்குக் கீழே விருப்பம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை. சட்டத்தை எடுத்துச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. "சட்டம் அப்பிடித்தான், ஊர் இப்பிடித்தான்" என்றார் ஒரு பெரியவர்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் மென்மையானது: "பிள்ளையின்ர எதிர்காலம்". முறைப்பாட்டைத் திரும்பப்பெறச் சொன்னவர்களும் இதைத்தான் சொன்னார்கள். கோயில் சபையைச் சேர்ந்த இருவர் தாயிடம் வந்து, அரை ஏக்கர் வயலைப் பிள்ளையின் பெயருக்கு எழுதித்தரலாம், கதையை இதோடு விட்டுவிடுவோம் என்று பேசினார்கள். மத்தியஸ்த சபைக்குக்கூடப் போக முடியாத குற்றத்துக்கு விறாந்தையில் வைத்து விலை பேசப்பட்டது. தாய் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார், பதில் சொல்லவில்லை. மறுநாள் தொழிற்சாலை வேலையையும் விட்டுவிட்டார். தாய் வேலைக்குப் போனதால்தானே இப்படி நடந்தது என்ற பேச்சு அதற்குள் பஸ்ஸுக்குள்ளும் ஏறிவிட்டிருந்தது.

பெயரை வெளியிடாமல் அடையாளத்தை வெளியிடும் கலையையும் குறிப்பிட வேண்டும். கைத்தொலைபேசிகளில் வந்த செய்தியொன்றில் பிள்ளையின் பெயர் இல்லை. ஆனால் ஊர், வகுப்பு, தகப்பன் இறந்த விதம், தாயின் தொழில் எல்லாம் இருந்தன. எண்பது குடும்பங்கள் உள்ள ஊரில் இதற்கு மேல் பெயர் எதற்கு? தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவு பெயரை மட்டுமல்ல, ஆளை இனங்காட்டக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது.

தட்டமும் பத்திரமும்

ஐந்து மாதங்களின் பின் பிள்ளை இல்லத்திலிருந்து வீட்டுக்கு வந்தாள். வந்த மாதத்திலேயே ஒன்றுவிட்ட அக்காவின் சாமத்திய வீடு. மண்டபத்துக்குள் தட்டம் ஏந்திப் போகும் தோழிப் பிள்ளைகளில் ஒருத்தியாக அவளுடைய பெயர் முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அதற்கென்று மஞ்சள் பாவாடை சட்டையும் தைத்திருந்தார்கள். அன்று காலை வரிசையில் நின்றவளின் கையில் பூத்தட்டம் கொடுக்கப்பட்டது. சற்று நேரத்தில் மாமி முறையான ஒருவர் வந்து, "கொண்டா பிள்ளை, பாரமாயிருக்கும்" என்று சொல்லி அதை வாங்கிப் பின்னால் நின்ற பிள்ளையிடம் கொடுத்தார். பூத்தட்டம். யாரும் எதையும் பேசவில்லை, யாரும் அவளைப் போகச் சொல்லவுமில்லை. அவளாகவே வரிசையை விட்டு விலகிச் சமையல் கொட்டிலுக்குப் போய், உரித்த வெங்காயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இல்லத்தில் இருந்த ஐந்து மாதத்தைப் பற்றி அவள் என்னிடம் அதிகம் பேசியதில்லை. இந்தத் தட்டத்தைப் பற்றிப் பல தடவை பேசியிருக்கிறாள்.

பாடசாலையிலும் ஏறத்தாழ இதே ஒழுங்குதான். அவளோடு ஒரே வாங்கில் இருந்த பிள்ளையின் தாய் வந்து தன் மகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று இடம் மாற்றிக்கொண்டார். அடுத்து வந்தவளுக்கும் கரும்பலகை தெரியவில்லை. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற விதி இருக்கும் நாட்டில் எந்தப் பாடசாலையும் அவளை விலக்க முடியாது, எவரும் விலக்கவுமில்லை. தவணை முடிவில் தாயே போய் விடுகைப் பத்திரம் கேட்டார். விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் "பெற்றோரின் விருப்பம்" என்று எழுதப்பட்டிருந்தது. அந்தப் பத்திரத்தோடு பிள்ளை வவுனியாவில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். வாங்கு, வகுப்பு, வீடு, ஊர் என்று அவள் எழும்பிய இடங்களை நான் எண்ணிக்கொண்டேன். இடம்பெயர்வு என்றால் என்னவென்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த ஊர் அது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு ஊரடங்கு வந்தபோது தொலைபேசியில் அவள் குரல் முதல் தடவையாக இலேசாக இருந்தது. "இப்ப எல்லாரும் என்னை மாதிரித்தான் மிஸ், வீட்டுக்குள்ள." வழக்குத் தவணைகள் தள்ளிப்போயின. 2022இல் பெற்றோல் இல்லாமல் ஒரு தவணைக்கு அவர்களால் போகவே முடியவில்லை. ஒவ்வொரு தவணையும் ஊரில் அடங்கிய கதையைத் திரும்பவும் எழுப்பிவிட்டது. தண்டனை கிடைக்கிறதோ இல்லையோ, தாமதத்தின் செலவைப் பிள்ளைதான் கட்டினாள்.

ஆண்பிள்ளைகள்

என் கோவைகளில் ஆண்பிள்ளைகள் குறைவு. வராதவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன, மறந்திடுவான்" என்று அவர்களை யாரும் இடம்மாற்றுவதில்லை, பாதுகாப்பதுமில்லை. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்குக் கரப்பந்தாட்ட மைதானத்தில் ஒரு பட்டம் வைத்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது, ஆனால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சட்டமும் அவனைப் பாலியல் வல்லுறவு என்ற சொல்லுக்குள் எடுப்பதில்லை. 365ஆ பிரிவின் கடும் பாலியல் துர்நடத்தை என்பதற்குள்ளேயே அவனுடைய வழக்கு அடங்கும்.

நாங்கள் செய்தது, அம்மம்மா செய்தது

விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று பொதுநோக்கு மண்டபத்தில் நடத்தினோம். பதாகை கட்டி, சிற்றுண்டி கொடுத்து, நாற்பது பேர் வந்தார்கள். பயன் ஏதும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். கூட்டம் யாருக்காக என்பது வந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட, மாதர் சங்கத்தில் நாலைந்து பேரோடு கடலை உடைத்துக்கொண்டே பேசிய பின்னேரங்கள் உதவின. கூட்டமாக இருக்கும்போது வாய் திறக்காதவர்கள் அங்கே, "அவன் ஏன் இஞ்ச இருக்கிறான்?" என்று தாங்களாகவே கேட்டார்கள்.

உண்மையில் ஊரைக் கொஞ்சம் அசைத்தவர் அம்மம்மாதான். 2023 வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் பிள்ளையை வவுனியாவிலிருந்து கூப்பிட்டார். கடல்நீரில் விளக்கெரியும் அந்தக் கோயிலுக்கு வன்னி முழுவதும் திரளும் நாள் அது. ஊரில் இருந்து மூன்று உழவு இயந்திரப் பெட்டிகளில் சனம் போனது. ஒதுக்குப்புறமாக நின்று கும்பிட்டுவிட்டு வரலாம் என்று தாய் சொன்னதை அவர் கேட்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முதற்பெட்டியில் ஏறி நடுவில் இருந்தார். "நீதி கேட்ட பொம்பிளைக்குப் பொங்கப் போறம். ஆர் இதில இருக்க விருப்பமில்லையோ அவை இறங்கலாம்" என்றாராம். யாரும் இறங்கவில்லை.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டுப் பெண் மா அரிக்கும் அரிதட்டு இரவல் கேட்டு வந்ததாக அம்மம்மா சொன்னார். முறைப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் இரவல் கேட்டு வந்ததில்லை. கறிவேப்பிலைகூட மதிலில்லாத அந்த வேலியைத் தாண்டிக் கேட்கப்படவில்லை. ஓர் ஊர் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்திருக்கிறதா என்று அறிய நான் இப்போது வேறு எதையும் விசாரிப்பதில்லை. "கடைசியா ஆர் இரவல் வாங்க வந்தது?" என்றுதான் கேட்கிறேன்.

வழக்கு மேல் நீதிமன்றத்தில் இருக்கிறது. சந்தேகநபர் இப்போதும் அதே வளவில்தான் இருக்கிறார். கோயில் சபையில் மட்டும் இல்லை. பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது பாடசாலையில் தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பம் கொடுத்தார்கள். அன்று பின்னேரம் தொலைபேசியில் அழைத்தாள்.

"மிஸ், நிரந்தர முகவரி எண்டு கிடக்கு. வவுனியாவோ, ஊரோ?"

"நீ எதை எழுத நினைக்கிறாய்?"

சற்று நேரம் பேனா தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, எனக்குச் சொல்வதுபோல அல்லாமல் தனக்கே வாசித்துக்கொள்வதுபோல, வீட்டுத்திட்டத்தின் வீட்டு இலக்கத்தையும் ஊரின் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதினாள்.